ஆர் வருவினம்?

தம்பிராசாவைக் கடலுக்குள் தள்ளியது நான்தான். தள்ளவேண்டும் என்று திட்டமிட்டுத் தள்ளவில்லை. அவனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன், அவ்வளவுதான். மூதூர் லோஞ்ச் வந்து கட்டும் இறங்குதுறைக்குப் பக்கத்தில், ஒரு வள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு அவன் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். மனிதர்கள் என்றால் வள்ளத்துக்குள் ஒரு காலை வைத்துப் பிறகு மற்றக் காலை வைத்து இறங்குவார்கள். நான் பாய்ந்தேன். துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவன் என்பதை யாருக்கோ காட்டவேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றதோ ஒரு நாயும் சில நீர்க்காகங்களும்தான். வள்ளம் ஒருபக்கம் சரிந்தது. நான் பலகையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டேன். தம்பிராசா தண்ணீருக்குள் போனான்.

சோற்றுப் பார்சல் நனையவில்லை. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

அவன் மேலே வந்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது. விழும்போதும் அதை விடவில்லை. ஆனால் சேட்டுப் பொக்கற்றில் அடையாள அட்டை இருந்ததை நான் எப்படி அறிவேன்? அட்டையின் ஒரு மூலையில் பிளாஸ்ரிக் உறை ஏற்கெனவே வாய் பிளந்திருந்தது. உப்புத் தண்ணீரும் டீசலும் அதற்குள் குடியேறிவிட்டன. கச்சான் காற்றில் அட்டையை வைத்துக் காயவிட்டுப் பார்த்தால், தம்பிராசாவின் கழுத்து இருந்தது, சேட்டுக் கொலர் இருந்தது, அதற்கு மேலே ஒரு மேகம் இருந்தது.

“பரவாயில்லை, அட்டையில இருக்கிறவர் உன்னைவிடக் கொஞ்சம் வெள்ளை” என்றேன் நான்.

அவன் சிரித்தான். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவன் மனைவி குணமணி சிரிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் திருகோணமலையில் ஒரு மனிதனுக்குத் தலை இல்லாமல் போனாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். அடையாள அட்டையில் தலை இல்லாமல் போனால் சமாளிக்க ஏலாது. அதிலும் தம்பிராசாவின் அட்டையில் இருந்தது திரியாய் விலாசம். திரியாயில் அப்போது ஆட்கள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லாரும் ஓடி வந்தது வந்ததுதான். ஆட்கள் இல்லாத ஊரிலிருந்து முகம் இல்லாத ஒருவன் வருகிறான் என்றால் சென்றியில் காவல் நிற்கிற பெடியன் என்னதான் நினைப்பான்?

நான் அவர்களுடைய வாடகை வீட்டின் முன் அறையில் இருந்தேன். ஆங்கில ரியூசன் மாஸ்டர். கலியாணம் கட்டாதவன், கட்டக் கேட்ட இடமெல்லாம் என் பகிடிகளைக் கேட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். சாப்பாடு குணமணியிடம். விடிய எழும்பி அவள் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பாள். மிச்சத்தில் எனக்கும் ஒரு தட்டு வரும், சொதியும் தேங்காய்ப்பூச் சம்பலும் சேர்த்து. சொதியில் அவள் புளி விடுகிற அளவைப் பற்றி நான் ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். எழுதினால் வாடகையைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதாமல் விட்டேன்.

புதிய அட்டைக்கு எழுதிப்போட்டோம். அது கொழும்பிலிருந்து வரவேண்டும். அது வருவதற்கு முதல் ஆமியின் சுற்றிவளைப்பு வந்துவிட்டது.

காலையில் ஆண்களையெல்லாம் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் தம்பிராசா. என் அட்டையைப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார், இரண்டும் ஒரேயளவு மோசமாக இருந்ததால் போகச் சொன்னார். தம்பிராசாவின் அட்டையைப் பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பிறகு ஒரு வாகனம் வந்தது.

குணமணி அழவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஸெய்னுதீன் நானாவின் கொட்டிலுக்கு நடந்தாள். ஸெய்னுதீன் மூதூர் முஸ்லிம். அவர்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். லோஞ்ச் துறைக்குப் பக்கத்தில் வள்ளத்து மோட்டர்கள் திருத்துகிற தகரக் கொட்டில் வைத்திருந்தார். திரியாயில் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்திக்கொண்டிருந்த தம்பிராசா அகதியாக வந்து நின்ற காலத்தில், ‘உனக்கு மோட்டர் தெரியுமா’ என்று கேட்டு, ‘தெரியாது, ஆனா கழட்டினாத் தெரியும்’ என்ற பதிலைக் கேட்டு வேலைக்கு வைத்தவர். அன்றைக்கு அவர் கையைக் கழுவிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.

நான் வீட்டில் பூரணிக்குத் துணையாக நின்றேன். பூரணி அவர்களுடைய ஒரே மகள். அன்று அவள் அயல்வீட்டில் நின்றாள். என்றாலும் நான் துணையாக நின்றேன்.

அங்கே நடந்ததைக் குணமணி பிறகு சொன்னாள். ஸெய்னுதீன் நானா பெரிய ஆட்கள் யாரையும் தெரியும் என்று சொல்லவில்லை. சத்தம் போடவும் இல்லை, கையைப் பிசையவும் இல்லை. விறாந்தையில் ஆட்கள் உட்கார ஒரு வாங்குப் பலகை கிடந்தது. அதில் போய் இருந்தார். ஆர் நீ என்று கேட்டார்கள். “என்ட ஆள் உள்ள இரிக்கி. முடிஞ்சாப் பொறகு கூட்டிட்டுப் போறன்” என்றார். நாளைக்கு வா என்றார்கள். “சரி சேர்” என்றார், எழும்பவில்லை. வந்து போகிறவர்கள் எல்லாரும் அவரைக் கடந்துதான் போகவேண்டும். கடக்கும்போது ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னார். பின்னேரம் தம்பிராசாவை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் நானா அவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “கார்புரேட்டரக் கழட்டின நீ, அந்தச் சின்ன ஆணிய எங்க வச்ச?” என்பது.

இப்படியிருக்கும்போதுதான் வேலை வந்தது.

துறைமுகத்துக்குள்ளே சீனன்குடாப் பக்கமாகக் கப்பல் திருத்துகிற ஒரு கம்பனி புதிதாகத் தொடங்கியிருந்தது. அதன் இன்ஜினியர் ஒருவர் ஒருநாள் மூதூருக்கு லோஞ்சில் போக, குடாவின் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. லோஞ்சில் இருந்த தம்பிராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு பெண்ணின் தலையிலிருந்த கிளிப்பை வாங்கி எதையோ செய்து என்ஜினைக் கிளப்பினான். இன்ஜினியர் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிறகு வேலைக்கு வரச்சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. பதிலை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

ஆங்கிலம் என்றால் நான். குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமினேன். குணமணி அடுப்படியில் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தாள். தம்பிராசா நிலத்தில் குந்திக்கொண்டு நகத்துக்குள் இருந்த கிறீஸைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான். வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கும் மாதங்களில் இந்த ஊரில் சோற்றிலும் மண், வாயிலும் மண், பூரணியின் நெஞ்சிலும் மண். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு.

“சம்பளம்...” என்று தொடங்கினேன்.

“சம்பளம் தெரியும் மாஸ்டர். இவருக்கு வாயாலயே சொன்னவை. நானா தாறதிலயும் கூடத்தான். அதை விடுங்கோ. மற்றதைச் சொல்லுங்கோ.”

“மற்றதுதான் பெரிசு, பிள்ளை. கம்பனி வேலிக்குள்ள குவாட்டஸ், இருக்க வீடு. ரெண்டு அறை, குசினி, குழாய்த் தண்ணி.”

“எந்நேரமும் வருமோ?”

“தண்ணி எண்டு எழுதிக்கிடக்கு. எந்நேரம் எண்டு இல்லை.”

“வேலிக்குள்ள எண்டா வெளியாக்கள் வந்து போகலாமோ?”

“பாஸ் எடுத்தா வரலாம்.”

“அப்ப என்ர இடியப்பத்துக்கும் ஒரு பாஸ் எடுக்கவேணும். சரி, பிறகு?”

“டொக்டர். வேலை செய்யிற ஆளுக்கு மட்டுமில்லை, பெண்சாதி பிள்ளையளுக்கும். மருந்தும் அவையளே குடுப்பினம்.”

உரலைப் பிழிந்த கை நின்றது. உள்ளே பாயில் படுத்திருந்த பூரணியின் மூச்சு எங்களுக்குக் கேட்டது. குணமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டில் பாதியில் நின்ற இடியப்பத்தை முடித்துவிட்டு, “பிறகு?” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“மத்தியானச் சாப்பாடு.”

“மீனோ, மரக்கறியோ?”

“சாப்பாடு எண்டாச் சாப்பாடுதானே” என்றான் தம்பிராசா.

“நீங்கள் சும்மா இருங்கோ. ரெண்டு நாள் பருப்பைக் கண்டாலே முகத்தைத் தூக்கிற ஆள். மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ.”

சொன்னேன். உடுப்புத் தருவார்கள், சப்பாத்துத் தருவார்கள். போகவர வான். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு. ஊழியர் சேமலாப நிதி என்று ஒன்று, கிழவனான பிறகு கையில் வரும். கடைசியாக, படம் ஒட்டிய கம்பனி அட்டை. அதைக் காட்டினால் துறைமுக வாசலிலும் வழியில் உள்ள சென்றிகளிலும் விடுவார்கள். நான் இந்த இடத்துக்கு வந்தபோது ஒரு கலியாணத் தரகனின் குரலில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“படத்தில முகம் இருக்குமோ?” என்று கேட்டாள் குணமணி.

“இருக்கும். இந்தமுறை நான் கிட்டப் போகமாட்டன்.”

தம்பிராசா சிரித்தான். அவளுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு தீயை உள்ளே தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. மாஸ்டர், இவரை அண்டைக்கு மறிச்ச மாதிரி இன்னொருக்கா மறிச்சா, கம்பனியில இருந்து ஆர் வருவினம்?”

நான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அட்டை இருந்தா மறிக்கமாட்டினம், பிள்ளை.”

“அட்டையோட மறிபட்ட ஆக்கள் இந்த ஊரில ஒருத்தரும் இல்லையோ?”

நான் கடிதத்தை மடித்தேன். என் வகுப்புக்கு வருகிற ஒரு பிள்ளையின் தகப்பனே கச்சேரியில் அரசாங்க வேலை செய்கிறவர். அவருடைய அட்டையில் அரசாங்கச் சிங்கமே இருந்தது. அவரையும் மறித்தார்கள்.

“உள்ளுக்கு ஒரு ஆள் இருக்கேக்க, அவருக்காக வெளியில ஒரு ஆள் இருக்கு எண்டு தெரியவேணும் மாஸ்டர். அப்பதான் உள்ளுக்கிருக்கிறவரை மறக்கமாட்டினம். நான் போய் இருந்தா என்னைக் கலைச்சுப் போடுவாங்கள். நானாவை அவையள் கலைக்கேல்லை. ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை, ஆனா கலைக்கேல்லை. அட்டை போய் வாங்கில இருக்காது.”

தம்பிராசா தீக்குச்சியைப் போட்டுவிட்டு எழும்பி வெளியே போனான். நான் பின்னால் போனேன். அவன் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“உனக்குப் போக விருப்பமோ, இல்லையோ? அதைச் சொல்லு” என்றேன்.

“நானா என்னை வச்சுப் பார்த்தவர், மாஸ்டர்.”

“அது எனக்குத் தெரியும். போக விருப்பமோ?”

“பிள்ளைக்கும் இழுப்பு.”

“விருப்பமோடா?”

அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். “அங்க ஒரு என்ஜின் கிடக்கு மாஸ்டர். இன்ஜினியர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். சிலிண்டருக்குள்ள நான் இறங்கி நிண்டு வேலை செய்யலாம். நிமிர்ந்து நிண்டாலும் தலைக்கு மேல இடம் கிடக்கு. உள்ளுக்கு நிண்டு தட்டினா, கோயில் மணி மாதிரி...” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு, வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளத் தொடங்கினான். தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை.

இதை எழுதுகிறவனுக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது, மறைத்துப் பயனில்லை. குவாட்டஸில் இருக்கலாம் என்று கடிதம் சொன்னவர்களின் பட்டியலில் புருசன், பெண்சாதி, பிள்ளை என்று இருந்தது. முன் அறை மாஸ்டர் என்று எங்கும் இல்லை. அவர்கள் போனால் நான் பாணும் சம்பலும் தின்று சாகவேண்டியதுதான். ஆகவே நான் அவர்களைப் போகச் சொல்லும்போது என் வயிறு என்னைத் துரோகி என்றது. நிற்கச் சொல்ல வாயெடுத்தால் பூரணியின் மூச்சு கேட்டது.

மறுநாள் ஸெய்னுதீன் நானாவின் பக்கத்துக் கணக்கையும் பார்த்தோம். அது கடினமான வேலை. அவர் கொடுப்பவற்றுக்குத் தலைப்பு இல்லை. மீன்காரர் கூலியாகக் கொடுக்கிற பாரையிலும் சூடையிலும் பாதி தம்பிராசாவின் சைக்கிளில் தொங்கி வரும். பூரணிக்கு இழுப்பு முற்றிய ஒரு நாள், சாமான் ஏற்றப் போன வானை வழியில் மறித்து, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் திருப்பி அனுப்பினார். நோன்பு காலத்தில் அவர் மனைவி மைமூனா கஞ்சி அனுப்புவாள். அந்த மாதம் எனக்கும் இரண்டு வீட்டுச் சாப்பாடு. ஆனால் லீவு இல்லை. வயது போனால் ஒன்றும் இல்லை. கச்சான் காலத்தில் மோட்டர்கள் குறைந்தால் சம்பளமும் குறையும். இதையெல்லாம் குணமணி ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். நல்லவர் என்பதற்காக அவர் கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. கம்பனி பெரிது என்பதற்காக அதை நம்பிவிடவும் இல்லை. நான் ஆங்கிலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சுகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையாக இரண்டு பக்கத்தையும் வைத்துப் பேசிய ஒருவரை இடியப்ப உரலோடுதான் கண்டேன்.

“கம்பனியிலயே கேப்பம்” என்றாள் கடைசியில். “நீங்களும் வாங்கோ மாஸ்டர். இங்கிலீசு தேவைப்பட்டாலும்.”

இங்கிலீசு தேவைப்படவில்லை. ஆட்களை எடுக்கிற அதிகாரி ஞானசேகரம் யாழ்ப்பாணத்தவர். கழுத்தில் டை, மேசையில் காற்றாடி, காற்றாடிக்குப் பறக்காமல் கடதாசிகளின் மேல் ஒரு பெரிய நட்டு. வேலை தம்பிராசாவுக்கு, கேள்வி கேட்க வந்திருப்பது மனைவி என்று தெரிந்ததும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு எழும்பி நின்று கதிரையைக் காட்டினார். அந்த எழும்பலுக்காக எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“தண்ணி காலையிலயும் பின்னேரத்திலயும் வருமம்மா. டாங்க் இருக்கு.”

“டொக்டர் இஞ்சயே இருப்பாரோ, ஐயா?”

“கிழமைக்கு மூண்டு நாள் வருவார். மற்ற நாளில ஆஸ்பத்திரிக்கு வான் போகும். ராவிலயும் போகும், எங்கட வானுக்கு அனுமதி இருக்கு.”

குணமணி தலையை ஆட்டினாள். இது பெரிய விசயம். ஊரடங்கு நேரத்தில் இழுப்பு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை நெஞ்சைத் தடவியவளுக்குத்தான் அந்த வானின் பெறுமதி தெரியும்.

“சாப்பாடு?”

“மீன்தான் அம்மா. செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி.”

“செவ்வாய் வெள்ளி நாங்களும் மரக்கறிதான்” என்றாள் திருப்தியாக. பிறகு கையை மடியில் கோத்துக்கொண்டாள். “ஐயா, இன்னும் ஒண்டு. இவரை எங்கயும் பிடிச்சு வச்சா, இஞ்ச இருந்து ஆர் வருவினம்?”

ஞானசேகரம் ஒரு சிறிய புத்தகத்தைத் திறந்தார். மூடினார்.

“அதுக்கு ஒரு முறை இருக்கம்மா. பாதுகாப்புப் பகுதிக்கு அறிவிக்கவேணும். அவையள் மேலிடத்துக்குக் கடிதம் அனுப்புவினம்.”

“ஞாயிற்றுக்கிழமை எண்டா?”

“திங்கள் காலமை அனுப்புவினம்.”

“நான் கடிதத்தைக் கேக்கேல்லை ஐயா. ஆளைக் கேட்டனான். ஆர் வந்து இருப்பினம்?”

காற்றாடி இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் போனது. நான் இடையில் புகுந்து, “நீங்கள் வருவீங்களோ, சேர்?” என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். அவர் முகத்தில் பகிடி இல்லை.

“அது நிலைமையைப் பொறுத்தது” என்றார் என்னைப் பார்த்து. பிறகு குணமணியிடம், “இதுவரைக்கும் இந்தக் கதிரையில இருந்து ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை அம்மா. எல்லாரும் ஓவர்ரைமைத்தான் கேட்டவை” என்றார். சொல்லும்போது தன் சட்டையில் குத்தியிருந்த கம்பனி அட்டையை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். தானும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமோ என்று அன்றுதான் யோசித்தவர் போல இருந்தது.

வாசல்வரை வந்து எங்களை அனுப்பினார். பஸ்ஸில் குணமணி யன்னலோரம் இருந்தாள். யன்னலால் வந்த மண்ணுக்குச் சீலைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். ஒரு சென்றியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு மறுபடி ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

“அந்த மனிசன் பொய் சொல்லேல்லை, மாஸ்டர். நல்ல இடம்தான்.”

“அப்ப போறீங்களோ?”

“பிள்ளைக்கு அந்த வான் வேணும். இவருக்கு அந்த என்ஜின் வேணும். எனக்கு விளங்காதெண்டோ நினைக்கிறார்? நித்திரையிலயும் கையால எதையோ முடுக்கிறார்.”

“அப்ப போறீங்கள்.”

“ஒண்டே ஒண்டுதான் அங்க இல்லை. அது நானாட்டத்தான் இருக்கு.”

“போறீங்களோ, இல்லையோ, பிள்ளை?”

அவள் பஸ் ரிக்கற்றை நாலாக மடித்தாள். இந்த ஊரில் ஒரு கேள்விக்கு நேரே பதில் வாங்கியவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், அவனிடம் ரியூசனுக்குப் போகிறேன்.

வீட்டில் அன்று பெரிய கதை நடந்தது. விசயம் இதுதான். தம்பிராசா கம்பனிக்குப் போன பிறகும் நானா வருவார் என்றால் எல்லாம் சரி. ஆனால் அதை எப்படிக் கேட்பது?

“விட்டுட்டுப் போறன், ஆனா என்னைப் பிடிச்சா வாங்கோ எண்டோ கேக்கிறது?” என்றான் தம்பிராசா. “கம்பனியின்ர சம்பளத்தை வாங்கிக்கொண்டு நானாவின்ர உயிரை வாங்கிறதோ? என்னால ஏலாது.”

“அவர் வந்து நிண்டாலும், நீ ஆர் எண்டு கேட்பாங்களே” என்றாள் குணமணி. “இப்ப என்ர ஆள் எண்டு சொல்லுறார். பிறகு என்னெண்டு சொல்லுவார்? அதுவும் இந்தக் காலத்தில. நாங்கள் ஆர், அவர் ஆர்.”

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த ஆண்டுகளில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்ததெல்லாம் மூதூர்க்காரருக்கும் தெரியும், திரியாய்க்காரருக்கும் தெரியும். தம்பிராசாவும் நானாவும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கார்புரேட்டரைப் பற்றிப் பேசினார்கள்.

“நான் கேக்கிறன்” என்றேன்.

“நீங்களோ?”

“உங்கள் ரெண்டு பேருக்கும் வெட்கம். எனக்கு அந்தச் சாமானை ஒருதரும் வாங்கித் தரேல்லை.”

வியாழக்கிழமை மத்தியானம், தம்பிராசா ஒரு மோட்டரைப் பரீட்சை பார்க்க வள்ளத்தில் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தகரக் கொட்டில் கச்சானில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நானா ஒரு மோட்டர்க் காற்றாடித் தகட்டை இடுக்கியில் பூட்டி அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர். வகுப்பு இல்லியா? பிள்ளையள் தப்பிட்டுதுகளா?”

“நானா, ஒரு விசயம் கேக்கவேணும்.”

“கேளுங்க. கேக்கிறதுக்கு நான் காசு எடுக்கிறல்ல.”

“தம்பிராசா கம்பனிக்குப் போனா...”

“போகட்டுமே. கப்பல் என்ஜினுக்குள்ள எறங்கிப் பாத்தவன் இந்த எட்டுக் குதிரை மோட்டரோட எப்பிடி மாரடிப்பான்? பாத்துட்டு வந்த நாள்ல இருந்து ஸ்பேனர் புடிக்கிற புடியே சரியில்ல. மனசு அங்க.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“இந்தத் துறையில ஒரு மீன் தும்மினா எனக்குத் தெரியும்.”

“அப்ப கோவம் இல்லையோ?”

“இல்லாம? நல்லா இரிக்கி” என்று அரத்தை ஊதினார். “இவனப் போல ஒருத்தன நான் எங்க போய்த் தேடுற? ஆனா அது என்ட கோவம். அத அவன்ட தலையில ஏத்தி அனுப்பேலா. அந்தப் புள்ளைக்கு டொக்டர் கிடைக்கிது. நான் டொக்டரா வச்சிரிக்கன்? பழைய பிளக்குதான் வச்சிரிக்கன்.”

“நான் கேக்க வந்தது வேற, நானா. பிறகு எப்பவும் இவனைப் பொலிசில...”

“டீ குடிக்கிறீங்களா? மைமூனா இஞ்சி போட்டு அனுப்பியிரிக்கா.”

பிளாஸ்கைத் திறந்து ஊற்றினார். குடித்தேன். இஞ்சி காரமாக இருந்தது. லோஞ்ச் ஒன்று வந்து கட்டியது. மூட்டைகளும் கோழிகளும் ஆட்களும் இறங்கி, பையைத் திறந்து காட்டும் வரிசையில் நின்றார்கள். நானா அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே, “அட்டை குடுக்கிறாங்களாமே, படம் எல்லாம் போட்டு?” என்றார்.

“குடுக்கினம். அட்டை போய் வாங்கில இருக்காது எண்டு குணமணி சொல்லுது.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்பிடியா சொன்ன, அந்தப் புள்ள?”

“ஓம். அதுக்குத்தான் வந்தனான். இவன் கம்பனி ஆளான பிறகும் நீங்கள் போவீங்களோ? போனாலும் நீ அவனுக்கு ஆர் எண்டு கேட்பாங்களே?”

“மாமன் எண்டு சொல்லுவன்.”

“தொப்பியோடயோ?”

“தொப்பி போட்ட மாமன் ஒருத்தருக்கும் இருக்கப்படாதா? இல்லாட்டி, என்ட மோட்டரக் கழட்டிப் போட்டுட்டு ஆணிய மறைச்சு வச்ச கள்ளன் எண்டு சொல்லுவன். அப்ப கட்டாயம் என்னட்டத் தந்துருவாங்க.”

சிரிப்பு வந்தது. சிரித்தேன். வேறொரு நாள் என்றால் நானும் இரண்டு பகிடி சேர்த்து, இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கேட்க வந்ததை மறந்து வீட்டுக்குப் போயிருப்பேன். என் வாழ்க்கையில் பாதி விசயங்கள் அப்படித்தான் முடிந்தன. ஆனால் அங்கே ஒருத்தி இடியப்பத் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, நான் எதைக் கொண்டுவருவேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“பகிடியை விடுங்கோ, நானா” என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நானே நம்பவில்லை. அவரும் நிமிர்ந்து பார்த்தார். “நாளைக்கு அவன் பதில் சொல்லவேணும். வருவீங்களோ, மாட்டீங்களோ?”

அவர் மண்ணெண்ணெயில் கையை நனைத்து, மரத்தூளில் தேய்த்து, பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். வெளியே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

“வருவன் மாஸ்டர். அவன் எங்க வேல செஞ்சாலும் வருவன். அவங்க கேட்டா, தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லுவன், வேற ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா அண்டைக்கி அந்த வாங்குல இரிந்த நேரம் எனக்குக் கால் நடுங்கின நடுக்கம் அல்லாவுக்குத்தான் தெரியும். தனிய இரிக்க எனக்குப் பயம். அடுத்த தரம் நீங்களும் வந்து பக்கத்துல இரிக்கணும்.”